எங்கள் எம்.பி.யுடன் கலஹா வரை

யாழ்ப்பாணத்தில் பிறந்து பத்தொன்பது வயதுவரை அங்கேயே வளர்ந்த நான், கண்டியைப் பார்க்க லண்டனிலிருந்து வரவேண்டியிருந்தது. நான் நாட்டைவிட்டுப் போன காலத்தில் லண்டனுக்குப் போக ஒரு ஏஜென்சிக்காரனும் அம்மாவின் தாலிக்கொடியும் போதும். கண்டிக்குப் போவதென்றால் பாஸ் வேண்டும், பிணைக்கு ஆள் வேண்டும், சோதனைச் சாவடியில் நிற்பவனுக்கு அன்றைக்கு மனநிலை நன்றாக இருக்கவேண்டும். ஆகவே ஐம்பத்தைந்து வயதில், இரண்டு பிரித்தானிய அரசியல்வாதிகளுக்கு மொழிபெயர்க்க வந்த இடத்தில்தான் கண்டி வாவியை முதன்முதலாகப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. அதுவே எரிச்சலாகவும் இருந்தது.

அந்த இரண்டு பேரையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் எங்கள் பகுதி எம்.பி. அவருடைய தொகுதி அலுவலகத்தில் ஏழு வருடமாக வேலை செய்கிறேன். கூரை ஒழுகுகிறவர்கள், விசா மறுக்கப்பட்டவர்கள், பக்கத்து வீட்டு நாயால் தூக்கத்தைத் தொலைத்தவர்கள் எல்லோரும் வெள்ளிக்கிழமைகளில் வருவார்கள். காணாமல் போன பிள்ளைகளின் படத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஆட்களும் அதே வரிசையில் நிற்பார்கள். முதல் தேர்தலில் மயிரிழையில் தப்பிய மனிதர் இவர். கோவில் தெருவில் தமிழ் வீடுகள் எத்தனை என்று அன்றைக்கே எண்ணிப் பார்த்திருப்பார். அதன் பிறகு ஒவ்வொரு மே மாதமும் சால்வை போட்டுக்கொண்டு, யுத்தத்தில் செத்தவர்களுக்கு மெழுகுதிரி ஏற்ற வந்துவிடுவார். வாக்குக்காக வந்தவர்தான், ஆனால் இப்போது அவர் அழும்போது பொய்யாக அழுவதில்லை. அதற்கு நான் சாட்சி.

மற்றவர் பிரபுக்கள் சபை என்கிற மேற்சபைக்காரர். பெயர் வேண்டாம், பிரபு என்றே வைத்துக்கொள்வோம். கொழும்புப் பெரிய மனிதர்கள் லண்டனுக்கு வந்தால் அவர் வீட்டில்தான் விருந்து. நடந்த யுத்தம் அவருக்கு ‘முடிந்துபோன ஒரு துயரம்’. எங்கள் எம்.பி.க்கு அது ‘முடியாத ஓர் அநீதி’. யுத்தம் ஒன்று, பாராளுமன்றமும் ஒன்று. யார் யாருடைய வீட்டில் சாப்பிட்டார்கள் என்று விசாரித்தால் போதும், யார் எந்தப் பக்கம் பேசுவார்கள் என்று சொல்லிவிடலாம். ஏழு வருடத்தில் நான் படித்த வெளிநாட்டுக் கொள்கை இவ்வளவுதான்.

முதல் நாள் காலைச் சாப்பாட்டிலேயே என் கணக்குப் பிழைத்தது. எங்கள் ஆள் பாணும் முட்டையும் கேட்டு, சம்பலைக் கண்டதும் தட்டைத் தள்ளி வைத்தார். பிரபு இடியப்பத்தைப் பிய்த்து, சொதியை ஊற்றி, கையாலேயே குழைத்து, கட்டசம்பலுக்கு மூக்கை உறிஞ்சியபடி ஒன்பது இடியப்பம் சாப்பிட்டார். எங்கள் கண்ணீரைப் புரிந்தவருக்கு எங்கள் உறைப்பு ஒத்துக்கொள்ளவில்லை. உறைப்பு ஒத்துக்கொண்டவருக்குக் கண்ணீர் தெரியாது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

இரண்டாம் நாள் தெல்தெனியப் பக்கம் அணைக்கட்டைக் காட்டக் கூட்டிப்போனார்கள். பிரித்தானிய உதவியில் கட்டியது. இரண்டு பேரும் முதன்முறையாக ஒற்றுமையாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். “பார்த்தீர்களா, நாம் உருப்படியாகவும் ஏதோ செய்திருக்கிறோம்” என்றார் பிரபு. பழைய தெல்தெனிய நகரம் அந்தத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது என்று எங்கள் வேன் சாரதி ரியாஸ் எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். அவர் அலவத்துகொடக்காரர், பேச்சில் கெட்டிக்காரர்.

“முஸ்லிம்களுக்கு அடிச்ச கலவரத்துல எங்கட கடைய எரிச்ச நேரமும் ஒரு வெள்ளக்காரர் வந்தார் மிஸ்” என்றார். “சாம்பல்ல நிண்டு வாப்பாட கையப் புடிச்சி, மறக்க மாட்டேன், காகிதம் போடுறேன்னு செல்லிட்டுப் போனார். நல்ல மனிசன். வாப்பா மவுத்தாகி மூணு வருஷம். அவர்ட காகிதம் இன்னும் வார வழியில ஈக்கு போல.”

மூன்றாம் நாள்தான் கலஹா. அது அரசாங்கம் போட்டுக்கொடுத்த நிகழ்ச்சி நிரலில் இல்லை. லண்டனில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கத்தோலிக்கக் குருவானவர் மூலமாக வந்த வேண்டுகோள்: கலஹாத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு தாய், சண்டை முடிகிற வருடத்தில் மகனைக் கண்டி டவுனில் பிடித்துப்போனார்கள், எம்.பி. ஒரு தடவை வந்து பார்ப்பாரா? பிரபு தலைவலி என்று ஹோட்டலில் நின்றுவிட்டார். எம்.பி. வழியெல்லாம் தன் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டு வந்தார். “யுத்தம் வடக்கில்தானே நடந்தது? இங்கே எப்படி?” என்று கேட்டார். அவர் கையிலிருந்த வரைபடத்தில் கலஹாவே இல்லை.

அவரைக் குறைசொல்லி என்ன? எங்கள் வீட்டிலேயே இந்த மலையகத் தமிழரைத் ‘தோட்டக்காட்டார்’ என்று இளக்காரமாகத்தான் சொல்வோம். எங்களோடு சேர்த்து அவர்களும் அடிவாங்கினார்கள், பிடிபட்டார்கள். எங்கள் மெழுகுதிரிக் கூட்டங்களில் அவர்களுடைய படம் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. அதை அந்த வேனில் இருக்கும்போதுதான் யோசித்தேன். வெட்கமாக இருந்தது.

மழைக்குப் பாதை பாதி சரிந்துபோயிருந்தது. வேன் ஒரு வளைவுக்கு மேல் ஏறவில்லை. ரியாஸ் யாருக்கோ போன் பண்ணி ஒரு த்ரீவீலரை வரவழைத்தார். ஆறடிக்கு மேல் வளர்ந்த எம்.பி.யை அதற்குள் மடித்து வைத்தோம். முழங்கால் காதைத் தொட, தலை ஒவ்வொரு பள்ளத்துக்கும் கூரையில் இடிக்க, அந்த மனிதர் சிரித்துக்கொண்டே வந்தார். கொழுந்து பறிக்கிற பெண்கள் கையை எடுத்துக் கும்பிட்டார்கள். “இந்தச் செடிகளை யார் நட்டது?” என்று கேட்டார். “உங்களுடைய ஆட்கள்தான். நட்டவர்களையும் இந்தியாவிலிருந்து அவர்கள்தான் கொண்டுவந்தார்கள்” என்றேன்.

லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசி வீடு அந்தத் தாய் லூர்தம்மாவுடையது. ஒரே ஒரு கதிரையில் வெள்ளைத் துணி விரித்து எம்.பி.யை உட்கார வைத்தார்கள். லூர்தம்மாவுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். சின்ன உடம்பு, கழுத்தில் மாதா சுரூபம். இஞ்சி போட்ட வெறுந்தேத்தண்ணியும் தேங்காய் ரொட்டியும் வந்தன. ரொட்டியை எம்.பி. ஒன்றுவிடாமல் சாப்பிட்டார். மகள் ஸ்டெல்லா, அரசாங்கப் பாடசாலை டீச்சர், பள்ளிக்கூடச் சேலையோடு கதவில் சாய்ந்து நின்றார். அவருக்கு இந்தச் சந்திப்பே பிடிக்கவில்லை என்பது முகத்தில் எழுதியிருந்தது.

“எம்மவன் அருள்ராஜு. டவுனுல ஜவுளிக் கடையில வேல” என்று லூர்தம்மா தொடங்கினார். “அன்னைக்கு நானும் பெருநாளுக்குத் துணி எடுக்கப் போயிருந்தேன். சாதா உடுப்புல வந்தவங்க, ஐ.டி. பாக்கணும்னு கூட்டிக்கிட்டுப் போனாங்க. நான் பின்னாலயே ஓடுனேன். நாளைக்கு வந்து கூட்டிக்கிட்டுப் போன்னு சொன்னாங்க. மறுநாளு போனேன். அப்புடி ஒரு ஆளையே தெரியாதுன்னுட்டாங்க.”

மொழிபெயர்க்கிறவர் ‘நான்’ என்றே சொல்லவேண்டும் என்பது எங்கள் தொழிலின் விதி. ஆகவே நான் ஆங்கிலத்தில், “என் மகன்… நான் பின்னாலேயே ஓடினேன்” என்றேன். எம்.பி.யின் கண் கலங்கியது.

லூர்தம்மா ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்தார். பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானப் பத்திரம், பொலிஸ் முறைப்பாடு, மெல்லிய மீசையோடு ஒரு படம். கொடுக்க நீட்டினவர் கையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“தங்கச்சி, ஒன்னு சொல்லிடுங்க. இது தொரயோட ஊருக்குத்தான் போகணும். இங்க யாரு கையிலயும் போகக்கூடாது. இவ கவர்மெண்டு உத்தியோகம் பாக்குறா. எனக்கு மிச்சம் இருக்கிறது இவ ஒருத்திதான்.”

சொன்னேன். ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன். எம்.பி. எழுந்து, நெஞ்சில் கையை வைத்து, “என் வாக்கு” என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். ஃபைல் கை மாறியது. ஸ்டெல்லா உள்ளே போய்விட்டார்.

நான்காம் நாள் காலையில் எம்.பி. ஃபைலை என்னிடம் தந்து, “இரண்டு செட் கொப்பி எடுத்துவிடுங்கள்” என்றார். வாவிக்கரைக்குப் பின்னால் ஒரு கொமியூனிகேஷன் கடையில் எடுத்தேன். இரண்டாவது செட் எதற்கு என்று நான் கேட்கவில்லை. லண்டன் அலுவலகத்தில் எப்போதும் இரண்டு செட்தான்: ஒன்று எங்கள் அலுமாரிக்கு, ஒன்று மந்திரிக்கு. தொகுதியில் யார் என்ன முறைப்பாடு கொண்டுவந்தாலும் எம்.பி. அதற்கு மேல் ஒரு கடிதம் எழுதிச் சம்பந்தப்பட்ட மந்திரிக்கு அனுப்புவார். மந்திரி பதில் எழுதியே ஆகவேண்டும். ஒழுகிய கூரைகள் அப்படித்தான் அடைபட்டன. ஏழு வருடப் பழக்கம், என் கை தானாகவே இரண்டு செட் எடுத்து மூலையில் கிளிப் குத்தியது. இதை எழுதும்போதும் அந்தக் கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பின்னேரம் ஹோட்டல் புல்வெளியில் தேநீர் விருந்து. கொழும்பு அமைச்சு ஒன்றிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். லண்டனில் படித்தவர், அழகான ஆங்கிலம், அதைவிட அழகான சப்பாத்து. நான் பற்றிஸ் எடுக்கப் போய்த் திரும்பி வருவதற்குள், லூர்தம்மாவின் ஒரு செட் அந்த அதிகாரியின் கையில் இருந்தது. மேலே எம்.பி.யின் கடிதம், கிரீடமும் கம்பிக்கதவும் போட்ட பாராளுமன்ற முத்திரையோடு.

பற்றிஸ் தட்டை எங்கே வைத்தேன் என்று தெரியாது. நேரே அதிகாரியிடம் போய், தவறுதலாகக் கொடுக்கப்பட்டது, திருப்பித் தரமுடியுமா என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “தவறா? எம்.பி. தன் கையாலேயே தந்தாரே. கவலைப்படாதீர்கள், முறைப்படி கவனிப்போம்” என்று மிகவும் இனிமையாகச் சொன்னார்.

எம்.பி.யை ஒரு மரத்தடிக்கு இழுத்துப்போனேன். “இங்கே யார் கையிலும் போகக்கூடாது என்று அந்த அம்மா சொன்னதை நான் உங்களுக்குச் சொன்னேனே!”

அவர் உண்மையாகவே திகைத்துப்போனார். “பத்திரிகைக்காரருக்குக் கொடுக்கக்கூடாது என்றல்லவா நினைத்தேன்? இவர் அமைச்சு. பதில் சொல்லவேண்டியவரே இவர்தானே. இவரிடம் கொடுக்காமல் வேறு யாரிடம் கொடுப்பது?”

பிடித்தவனிடமே போய், பிடித்தது ஏன் என்று எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் வரும் என்று நம்புகிற நாட்டில் பிறந்தவர். எங்கள் யுத்தத்தை அவர் மனப்பாடமாகப் படித்திருக்கிறார். கதவைத் தட்டும் சத்தத்துக்கு நெஞ்சு நின்றுபோகிற அனுபவம் மட்டும் அவருக்கு இல்லை. எனக்கு இருந்தது. இருந்தும் நான்தான் கொப்பி எடுத்தேன்.

ஐந்தாம் நாள் முழுக்கக் கூட்டங்கள், நான் இல்லாமல் நடக்காது என்றார்கள். ஆறாம் நாள் காலையில்தான் தப்பி, பேராதனைச் சந்தியில் கலஹா பஸ் ஏறினேன். அவசரத்தில் முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். அது பிக்குமாருக்கு ஒதுக்கியது என்று கண்டக்டர் பலகையைக் காட்டி எழுப்பிவிட்டார். லண்டன் பஸ்ஸில் கர்ப்பிணிகளுக்கும் முடியாதவர்களுக்கும் முன்சீட், இங்கே துறந்தவர்களுக்கு. கலஹா வரை நின்றுகொண்டே போனேன்.

கதவைத் திறந்த ஸ்டெல்லா “வாங்க” என்று சொல்லவில்லை. அன்றைக்குப் பள்ளிக்கூட நாள். அவர் வீட்டில் இருந்தார்.

“நேத்து ஸ்கூலுக்கு வந்தாங்க” என்றார். “ரெண்டு பேரு. பிரின்சிபல் ரூமுல, எல்லாருக்கும் முன்னால, வெளிநாட்டுக்காரங்கள வீட்டுக்குக் கூப்புட்டீங்களான்னு கேட்டாங்க. கையில எங்க ஃபைலு. மேல ஒங்க தொரயோட கடுதாசி. பிரின்சிபல் கொஞ்ச நாளைக்கு வரவேணாம்னுட்டாரு.”

“அவங்கள ஏசாத புள்ள” என்று உள்ளேயிருந்து லூர்தம்மா குரல் கொடுத்தார். “உக்காருங்க தங்கச்சி. தேத்தண்ணி ஊத்துறேன்.”

“வேண்டாம் அக்கா. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அந்தக் கொப்பியை எடுத்தது நான்தான்.”

அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. தேத்தண்ணி ஊற்றினார். ஆற்றி என் கையில் தந்தார்.

“அப்புறம் இங்கயும் வந்தாங்க. எழுதியே கொண்டு வந்துட்டாங்க. சிங்களத்துல. இவதான் வாசிச்சா. எம்மவன் படகுல வெளிநாட்டுக்குப் போயிட்டான், போனு பண்ணுறான், எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லன்னு. கையெழுத்துப் போட்டுட்டேன். இவளுக்கு வேல வேணுமே.” சிரிப்பதுபோல் ஒரு சத்தம் அவர் தொண்டையில் வந்தது. “மரண சர்டிபிகேட்டு வாங்கிக்கோன்னு எத்தன தடவ வந்தாங்க தெரியுமா? செத்துட்டான்னு நான் கையெழுத்துப் போடல. இப்ப பாருங்க, இருக்கான்னு போட்டுட்டேன்.”

என்னால் அந்தத் தேத்தண்ணியைக் குடிக்க முடியவில்லை. இன்றைக்கே எம்.பி.யிடம் சொல்கிறேன், அவர் இதை லண்டனில் பெரிய விஷயமாக்குவார் என்றேன். லூர்தம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். கொழுந்து ஒடித்து ஒடித்துக் காய்த்துப்போன விரல்கள்.

“தொரகிட்ட ஒன்னும் சொல்லாதீங்க. அவரு நல்லவரு. மறுபடியும் எழுதிப்புடுவாரு.”

சத்தியம் கேட்டார். செய்து கொடுத்தேன். ஸ்டெல்லா தன் போன் இலக்கத்தை எழுதித் தந்து, “எடுக்கவேணாம். அவசரம்னா மட்டும்” என்றார்.

அன்று பின்னேரமே விமான நிலையத்துக்குப் புறப்பட்டோம். கடுகண்ணாவையில் தேநீருக்கு வேனை நிறுத்தினார் ரியாஸ். எம்.பி. தன் போனைப் பார்த்தவர் துள்ளி எழுந்ததில் மேசை ஆடியது.

“இருக்கிறான்!” என்று கத்தினார். “அருள்ராஜ் உயிரோடு இருக்கிறான்! வெளிநாட்டில். தாயே எழுத்தில் உறுதிப்படுத்தியிருக்கிறாராம். அமைச்சு பதில் அனுப்பியிருக்கிறது, இரண்டே நாளில்! எங்கள் உள்நாட்டு அமைச்சுகூட இப்படி அனுப்பியதில்லை.” என் பக்கம் திரும்பினார். “நீங்கள் வீணாகப் பயந்துவிட்டீர்கள். இல்லையா?”

நான் தலையை ஆட்டினேன். அது எந்தப் பக்கம் ஆடியது என்று எனக்கே தெரியாது.

பிரபு அவருக்குக் கை கொடுத்தார். “நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். சத்தம்போட்டுக் கண்டிப்பதைவிட, அமைதியாகப் பேசினால் இவர்கள் கேட்பார்கள்.” எம்.பி. யோசித்துவிட்டு, அடுத்த வார விவாதத்துக்கு எழுதி வைத்திருந்த உரையை மாற்றப்போவதாகச் சொன்னார். தடை, விசாரணை என்று கடுமையாக எழுதியிருந்தாராம். “ஒரு தாய்க்குப் பதில் கிடைத்ததைச் சொல்லப்போகிறேன். உரையாடல் பயன் தருகிறது என்று சொல்லப்போகிறேன்.” அவர் முகம் பெருநாளுக்குப் புதுச்சட்டை போட்ட பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. என் வாழ்க்கையில் ஒரு நல்ல மனிதரை நான் அவ்வளவு வெறுத்ததில்லை. வாயைத் திறந்தால் ஒரு நாட்டின் நிலைப்பாடு மாறாமல் நின்றிருக்கும். திறந்தால் எம்.பி.யின் இன்னொரு கடிதமும் ஸ்டெல்லாவின் பள்ளிக்கூடம் வரை போகும்.

“அந்த அம்மாவை அழையுங்கள்” என்றார். “இதை அவர் உங்கள் வாயால் கேட்கவேண்டும்.” பிறகு பார்க்கலாம் என்றேன், சிக்னல் இல்லை என்றேன். அவர் தன் போனையே நீட்டினார்.

ஸ்டெல்லா எடுத்துத் தாயிடம் கொடுத்தார். அமைச்சிலிருந்து பதில் வந்திருப்பதை நான் தமிழில் சொன்னேன். அந்தப் பக்கம் எங்கோ ஒரு கோழி கத்துவது கேட்டது.

“தொர பக்கத்துலயா இருக்காரு?”

“ஓம் அக்கா.”

“அப்ப நான் சந்தோசத்துல அழுவுறேன்னு சொல்லுங்க.”

சொன்னேன். எம்.பி. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். லூர்தம்மா போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

“தங்கச்சி, அதுல அவென் பேரு சரியாப் போட்டிருக்கா?”

“போட்டிருக்கு.”

“கவர்மெண்டு கடுதாசிதானே? உசுரோட இருக்கான்னு போட்டிருக்கா?”

“ஓம் அக்கா. போட்டிருக்கு.”

“எனக்கு அத அனுப்பி வைங்க” என்றார். “நான் போட்ட பொய்தான், தெரியும். ஆனா இத்தன வருசத்துல, அவென் இருக்கான்னு அவுங்க எழுதித் தந்தது இது ஒன்னுதானே.”